தக்காளியும் தக்காளி பறிப்பவரும்

(பொருளியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைப் பொழிவு என்றால் முதல் பத்து நிமிடம் பாராட்டுரைக்குப் போய்விடும். இந்த அறக்கட்டளை யார் நினைவாக அமைந்ததோ, அந்தப் பேராசிரியர் யாராவது புகழத் தொடங்கினால் கடிகாரத்தைப் பார்ப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே நேரே பொருளுக்கு வந்துவிடுகிறேன்.

அண்டை நாடுகள் இரண்டு. ஒன்றில் நாள் முழுக்க உழைத்து வாங்கும் கூலி, மற்றதில் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1994-ல் அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலர். மெக்சிகோவில் ஒரு நாளைக்கே ஏறத்தாழ அவ்வளவுதான். நடுவில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் எல்லை. இப்படிப்பட்ட இரண்டு நாடுகள் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டால் வேலை என்ன ஆகும்? ஆவணமில்லாமல் எல்லை தாண்டுவோர் குறைவார்களா, கூடுவார்களா?

பாடப்புத்தகம் கைவசம் ஒரு விடை வைத்திருக்கிறது. பொருளியலாளர் ராபர்ட் முண்டெல் 1957-ல் எழுதிய கட்டுரையை முதுகலை மாணவர்கள் படித்திருப்பீர்கள். சரக்கு தாராளமாகப் போய் வந்தால் ஆட்கள் போக வேண்டிய தேவை குறையும், ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பும் என்பது அதன் சாரம். மலிவான உழைப்பு உள்ள நாடு, அந்த உழைப்பு மிகுதியாகச் சேர்ந்த பொருளைச் செய்து விற்கும். அதனால் அங்கே கூலி ஏறும். கூலி ஏறினால் ஊரை விட்டு ஏன் போகப் போகிறார்கள்?

இந்தக் கருத்தைத்தான் மெக்சிகோவின் அதிபர் கார்லோஸ் சலினாஸ் மேடைதோறும் விற்றார். நாங்கள் சரக்கை ஏற்றுமதி செய்ய விரும்புகிறோம், ஆட்களை அல்ல. எங்கள் தக்காளியை வாங்காவிட்டால் தக்காளி பறிப்பவர் உங்கள் ஊருக்கே வந்துவிடுவார் என்ற பொருள்பட அமெரிக்கர்களிடம் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அமெரிக்க ஆதரவாளர்களும் அதையே சொன்னார்கள்: ஒப்பந்தம் வந்தால் எல்லை அமைதியாகிவிடும். எதிர்த்தவர்களில் பெயர் பெற்றவர் ராஸ் பெரோ என்ற கோடீசுவரர். 1992 அதிபர் தேர்தல் விவாதத்தில், அமெரிக்க வேலைகளெல்லாம் தெற்கே உறிஞ்சப்படும் சத்தம் கேட்கும் என்று அவர் எச்சரித்தார். ஒரு தரப்புக்கு ஆட்கள் வருவது பற்றிய கவலை, மறு தரப்புக்கு வேலை போவது பற்றிய கவலை. 1993 நவம்பர் 17 அன்று பிரதிநிதிகள் சபையில் 234-க்கு 200 என்ற கணக்கில் நாஃப்டா என்ற வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் தேறியது. 1994 ஜனவரி 1 முதல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் ஒரே தடையற்ற வர்த்தகப் பகுதியாகத் தொடங்கின.

அதே நாள் அதிகாலையில் மெக்சிகோவின் தென்கோடியான சியாபாஸ் மாநிலத்தில், முகத்தை மூடிய சபதிஸ்தாக்கள் சான் கிறிஸ்தோபல் நகருக்குள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாயா வழி உழவர்கள். இந்த ஒப்பந்தம் தங்களுக்கு மரண தண்டனை என்றார்கள். மிகையான பேச்சு என்று தலைநகரத்தில் பலர் நினைத்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் ஊர்த் தெருமுனைக் கூட்டங்களில், உலக வர்த்தகப் பேச்சுவார்த்தையின் வரைவை டங்கல் திட்டம், டங்கல் திட்டம் என்று சொல்லிப் பேச்சாளர்கள் தொண்டை வறளப் பேசிய காலம் அது. விதையைப் பற்றிப் பேசினோம், காப்புரிமையைப் பற்றிப் பேசினோம். நிலத்தை விட்டு எழும் ஆள் எங்கே போவான் என்பதை அவ்வளவாகப் பேசவில்லை. மெக்சிகோவில் அந்தக் கேள்விக்கு விடை வெகு சீக்கிரம் கிடைத்தது.

விடையை முன்கூட்டியே கணித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1986-ல் வந்த குடியேற்றச் சட்டம், ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டப்படி தங்கும் உரிமை தந்தது. கூடவே, ஆவணமற்ற குடியேற்றத்தின் வேர் எது என்று ஆராய ஒரு ஆணையத்தையும் அமைத்தது. 1990-ல் அந்த ஆணையம் தந்த அறிக்கை தெளிவானது: வர்த்தகமும் வளர்ச்சியுமே நீண்டகாலத் தீர்வு, ஆனால் குறுகிய காலத்திலும் இடைக்காலத்திலும் அதே வளர்ச்சி இடப்பெயர்வைக் கூட்டும். கலிஃபோர்னியாவின் வேளாண் பொருளியலாளர் பிலிப் மார்ட்டின் இதைத்தான் இடப்பெயர்வுத் திமில் என்று வரைபடமாக்கினார். கோடு முதலில் ஏறும், பல ஆண்டுகள் ஏறியே நிற்கும், பிறகுதான் இறங்கும். அவர் கணக்கு காட்டியதும் விவசாயத்தை வைத்துத்தான். நாஃப்டா வாக்கெடுப்பு நடந்த அதே நவம்பரில், அமெரிக்கக் குடியேற்றத் துறையின் தலைவர் டோரிஸ் மைஸ்னரும் நாடாளுமன்றக் குழுவிடம் அதையே சொன்னார்: ஒப்பந்தத்தின் உடனடி விளைவைச் சமாளிக்க எல்லைக் காவலைப் பலப்படுத்த வேண்டியிருக்கும்.

அதாவது, அறிந்தவர்களுக்குத் தெரியும். மேடையில் ஒன்று, கோப்பில் வேறொன்று. நான் இன்று சொல்ல வந்தது இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. வர்த்தக ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. வேலை ஒரு ஊரில் ஒரு வேகத்தில் அழிந்தது. வேறொரு ஊரில் வேறொரு வேகத்தில் பிறந்தது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவருக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆவணமற்றவர் என்று நாம் சொல்லும் மனிதர் அந்த இடைவெளியில்தான் உருவானார்.

மக்காச்சோளத்திலிருந்து வருவோம்.

மெக்சிகோவில் மக்காச்சோளம் பயிரிட்டவர்கள் அப்போது 25 முதல் 30 லட்சம் பேர். வடமேற்கே சினலோவா மாநிலத்தின் பாசனப் பெருநிலங்களை விட்டுவிட்டால், பெரும்பாலும் மானாவாரி, சில ஏக்கர், மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒன்றாக ஊன்றும் மில்பா முறை. நிலம் எஹீதோ என்ற கூட்டுடைமையில் இருந்தது. 1917 அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தந்த நிலம் அது. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. 1992-ல் சலினாஸ் அந்தப் பிரிவைத் திருத்தி, நிலப்பகிர்வுக்கு முற்றுப்புள்ளி வைத்தார்; எஹீதோ நிலத்தைத் தனியார் உடைமையாக்கிக்கொள்ளவும் வழி திறந்தார். ஒப்பந்தத்துக்கு முன்பே வீடு சுத்தமாகிவிட்டது.

அமெரிக்காவில் ஒரு ஹெக்டேருக்கு விளைந்தது சுமார் 8 டன். மெக்சிகோவில் சராசரி 2 டன். அதற்கு மேல் அமெரிக்க உழவருக்கு அரசு மானியம் வேறு. இந்தப் போட்டி நேர்மையானது அல்ல என்பது பேச்சுவார்த்தை நடத்தியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் மக்காச்சோளத்துக்கு 15 ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். முதல் ஆண்டு 25 லட்சம் டன் வரை வரியில்லாமல் வரலாம். அந்த அளவு ஆண்டுதோறும் 3 விழுக்காடு கூடும். அதைத் தாண்டி வரும் ஒவ்வொரு டன்னுக்கும் 215 விழுக்காடு வரி. அந்த வரி படிப்படியாகக் குறைந்து 2008-ல் பூச்சியம் ஆகும். தாளில் பார்த்தால் பதமான ஏற்பாடு. ஒரு தலைமுறைக்கு மூச்சுவிட நேரம்.

நடந்தது என்ன? அளவுக்கு மேல் வந்த சோளத்துக்கு மெக்சிகோ அரசே வரி வசூலிக்கவில்லை. கோழிப் பண்ணைக்காரரும் மாவுச்சத்து ஆலைக்காரரும் மலிவாகக் கேட்டார்கள். விலைவாசி ஏறக்கூடாது என்று நிதியமைச்சகம் நினைத்தது. 1996-ல் இறக்குமதி 58 லட்சம் டன் அளவுக்குப் போனது. வரி வாங்க உரிமை இருந்தும் வாங்காமல் விட்டது மெக்சிகோவின் கை. இதை அமெரிக்கச் சதி என்று எழுதுபவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அவகாசம் 15 ஆண்டு என்று எழுதினார்கள், ஏறக்குறைய தொடக்கத்திலேயே அதைக் கரைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கோனசுபோ என்றொரு அரசு நிறுவனம் இருந்தது. உழவரிடம் ஆதரவு விலைக்கு வாங்கும், நகரத்து ஏழைக்கு மலிவாக விற்கும். நம் உணவுக் கழகமும் ரேஷன் கடையும் சேர்ந்த மாதிரி. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி 1999-ல் மூடிவிட்டார்கள். பதிலுக்கு, ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ரொக்கம் தரும் புரோகாம்போ திட்டம் வந்தது. ஹெக்டேர் கணக்கு என்றால் யாருக்கு அதிகம் கிடைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உழவருக்குக் கிடைத்த உண்மை விலை அடுத்த பத்தாண்டில் பாதிக்கும் கீழே விழுந்தது. மக்காச்சோள விலை விழுந்ததால் தோர்த்தியா, அதாவது அவர்களின் அன்றாட ரொட்டி, மலிந்திருக்க வேண்டுமல்லவா? அது ஏறியது. மானியமும் விலைக் கட்டுப்பாடும் நீங்கியிருந்தன, மாவுத் தொழில் சில பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. விற்பவனுக்கும் நட்டம், வாங்குபவனுக்கும் நட்டம் என்று ஒரு சந்தை இருக்க முடியும் என்பதைப் பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மெக்சிகோவில் மக்காச்சோள விளைச்சல் குறையவில்லை, கூடியது. சினலோவாவின் பாசன நிலங்கள் அதைப் பார்த்துக்கொண்டன. மலைச்சரிவில் இருந்தவரும் தன் வீட்டுக்கு வேண்டிய சோளத்தை விதைத்தபடிதான் இருந்தார். அப்படியானால் எது போனது? வீட்டுக்குப் போக மிஞ்சும் சில மூட்டைகள் உண்டே, பள்ளிக்கூடச் செலவுக்கும் மருந்துக்கும் விற்பது, அந்த மூட்டைகளின் மதிப்பு போனது. வீட்டில் ஒருவர் ரொக்கம் சம்பாதிக்க வெளியே போயே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. 1993 இறுதியில் மெக்சிகோவின் விவசாயத்தில் 81 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள். 2002 இறுதியில் 68 லட்சம். விளைச்சல் ஏறிய அதே காலத்தில் 13 லட்சம் பேர் நிலத்தை விட்டு எழுந்தார்கள்.

எழுந்தவர்களுக்குத் தொழிற்சாலை வேலை காத்திருக்கும் என்பதே வாக்குறுதி. வேலை பிறந்ததும் உண்மை. எல்லையோர மக்கிலா ஆலைகள் 1965 முதலே உண்டு. நாஃப்டா தொடங்கியபோது அவற்றில் ஐந்தரை லட்சம் பேர் அளவில் வேலை செய்தார்கள். 2000-ல் அது சுமார் 13 லட்சம். குறைவான எண்ணிக்கை அல்ல. ஆனால் அந்த ஆலைகள் சியுதாத் ஹுவாரெஸிலும் திஹுவானாவிலும் இருந்தன, சோளக்காரர் தெற்கே வஹாகாவிலும் வெராகுரூஸிலும் இருந்தார். ஆலைக்காரர் தேடியது பெரும்பாலும் இளம்பெண்களை, நிலத்தை விட்டவர் பெரும்பாலும் நடுவயது ஆண். உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வந்து, மெக்சிகோவில் பொருத்தப்பட்டு, திரும்பப் போனது. உள்ளூர்ப் பட்டறைக்கு அதில் பங்கு மிகச் சொற்பம். 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததும் ஆலைகளில் ஒரு பகுதி அங்கே கிளம்பிவிட்டது.

தக்காளிக்கு வருகிறேன். சலினாஸ் சொன்னபடி தக்காளி ஏற்றுமதி கூடியது. பாஹா கலிஃபோர்னியாவில் சான் கின்தின் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அமெரிக்க எல்லையிலிருந்து தெற்கே சில மணி நேரப் பயணம். அங்கே விளையும் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் கலிஃபோர்னியாவின் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகின்றன. பறிப்பவர் யார்? வஹாகாவிலிருந்தும் கெர்ரெரோவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்த மிஷ்தெக், த்ரிக்கி மக்கள். பலருக்கு ஸ்பானிய மொழியே இரண்டாம் மொழி. 2015 மார்ச்சில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து நெடுஞ்சாலையை மறித்தார்கள். நாள் கூலி 300 பெசோ கேட்டார்கள். அன்று வாங்கி வந்தது அதில் பாதிக்கும் குறைவு. தக்காளி ஏற்றுமதியானால் பறிப்பவர் ஊரிலேயே இருப்பார் என்பது கணக்கு. பறிப்பவரோ ஏற்கெனவே ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டார். அங்கிருந்து அடுத்த தோட்டம் கலிஃபோர்னியாவில். அதே செடி, அதே பெட்டி, கூலி மட்டும் எட்டுப் பத்து மடங்கு. சான் கின்தினில் சில பருவம் வேலை பார்த்துவிட்டு வடக்கே நகர்வது அந்த மக்களிடையே பழகிய பாதை ஆயிற்று. ஏற்றுமதிப் பண்ணை அவர்களை ஊரில் நிறுத்தவில்லை, எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டது.

1994 டிசம்பர் 20-ஐயும் சொல்லாமல் விட முடியாது. அன்று மெக்சிகோ தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு மூன்றரை பெசோவாக இருந்தது, 1995-ல் ஏழைத் தாண்டியது. அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி 6 விழுக்காடு அளவுக்குச் சுருங்கியது. வடக்கே அமெரிக்கப் பொருளாதாரமோ ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்தது. எழுபதுகளில் பிறந்த பெருந்தலைமுறை அப்போதுதான் வேலை வயதுக்கு வந்திருந்தது. இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில், எல்லாப் பழியையும் ஒப்பந்தத்தின் தலையில் போடுவது ஆய்வாளருக்கு அழகல்ல. பெசோ நெருக்கடி இல்லாமலிருந்தால் திமில் இவ்வளவு உயர்ந்திருக்காது என்பதே என் கணிப்பு. திமில் இருந்திருக்கும்.

இனி எல்லை. என் பார்வையில் கதையின் மையம் இதுதான்.

எண்பதுகளின் திஹுவானாவை விவரித்தவர்கள் எல்லோரும் ஒரு காட்சியைச் சொல்கிறார்கள். பொழுது சாயும் நேரம், எல்லையை ஒட்டிய திறந்த வெளியில் நூற்றுக்கணக்கானவர் கூடுவார்கள். சாப்பாட்டுக் கடை போட்டிருப்பார்கள், சோளக்கதிர், சூப்பு, சூடான காபி. பழைய காலணி விற்பவரும் இருப்பார். இருட்டியதும் கொயோத்தே என்று அவர்கள் சொல்லும் வழிகாட்டி முன்னே போக, கூட்டம் கூட்டமாக வடக்கே இறங்கிவிடும். பிடிபட்டால் பேருந்தில் ஏற்றித் திருப்பி விடுவார்கள், மறுநாள் மாலை மீண்டும் முயற்சி. அறுவடைக்குப் போவார், டிசம்பரில் திருவிழாவுக்கு ஊர் திரும்புவார், கூரைக்கும் சிமெண்டுக்கும் காசு சேர்ந்ததும் ஒரேயடியாகத் திரும்பிவிடுவார். ஆய்வாளர்கள் டக்ளஸ் மேசியும் ஹோர்ஹே துராந்தும் 1982 முதல் மெக்சிகோ ஊர்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 1965-க்கும் 1985-க்கும் இடையில் ஆவணமில்லாமல் உள்ளே போன 100 பேருக்கு ஈடாக 85 பேர் திரும்பிவிட்டார்கள் என்பது மேசி குழுவின் கணிப்பு. நிகரக் குடியேற்றம் சிறிதுதான்.

1993 செப்டம்பரில் டெக்சஸின் எல் பாசோவில் எல்லைக் காவலர்களை வரிசையாக நிறுத்தி ஆற்றங்கரையை அடைத்தார்கள். 1994 அக்டோபர் 1 அன்று சான் டியாகோவில் கேட்கீப்பர் நடவடிக்கை தொடங்கியது. நாஃப்டா நடைமுறைக்கு வந்து ஒன்பது மாதம்! அங்கே அதற்குச் சற்று முன் எழுந்திருந்த இரும்புச் சுவர் எதனால் ஆனது தெரியுமா? வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறங்கத் தரையில் விரித்த எஃகுத் தகடுகள். அவற்றைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்து வேலியாக்கினார்கள். 4,000 பேர் அளவில் இருந்த எல்லைக் காவல் படை, 2010-க்குள் 20,000-ஐத் தாண்டியது.

நகரப் பாதை அடைபட்டதும் கூட்டம் பாலைவனத்துக்குத் திரும்பியது. சோனோரா மாநிலத்தில் ஆல்தார் என்ற சிற்றூர், எல்லைக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர். தேவாலயத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தைச் சுற்றிக் கடைகள். கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குடுவை விற்பார்கள். வெள்ளைக் குடுவை என்றால் வெயிலிலும் நிலவிலும் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். காலணிக்கு மேல் மாட்டிக்கொள்ளும் கம்பளத் துணி உறை விற்பார்கள், மணலில் தடம் பதியாதிருக்க. தடுப்புத் தடுப்பாகப் பலகை அடித்த அறைகளில் இரவு தங்கல். விடிந்ததும் வேனில் இருபது பேருக்கு மேல் திணித்து எல்லையோரச் சாசபே வரை மண் சாலை. அதன்பின் பல நாள் நடை. எல்லைக் காவல் படையே எண்ணிய கணக்கில், 1998-க்குப் பிந்தைய இருபது ஆண்டில் 7,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் வெயிலும் தாகமும்.

கொயோத்தேயின் கட்டணம் சில நூறு டாலரிலிருந்து இரண்டாயிரத்தைத் தாண்டியது. இவ்வளவு கடன் வாங்கி, இவ்வளவு ஆபத்தைக் கடந்து போனவர் டிசம்பர் திருவிழாவுக்குத் திரும்புவாரா? திரும்பவில்லை. 1996-ல் வந்த சட்டம் ஒன்று வேறு: ஓராண்டுக்கு மேல் ஆவணமில்லாமல் தங்கியவர் வெளியே போனால் பத்தாண்டு உள்ளே வர முடியாது. எனவே அவர் அங்கேயே தங்கினார், மனைவியை வரவழைத்தார், பிள்ளைகள் அங்கே பிறந்தன. கலிஃபோர்னியாவின் வயல்களில் பருவக் கூலியாக இருந்தவர், வட கரோலினாவின் இறைச்சி ஆலையிலும் ஜார்ஜியாவின் கம்பளத் தொழிற்சாலையிலும் நிரந்தரமானார். 1990-ல் அமெரிக்காவில் ஆவணமில்லாத மெக்சிகோக்காரர் சுமார் 20 லட்சம். 2007-ல் 69 லட்சம். இந்த ஏற்றத்தில் உள்ளே வந்தவர் கூடியதன் பங்கு ஒரு பகுதி. வெளியே போவது நின்றுபோனதன் பங்கு அதைவிடக் குறைவாகப் பேசப்படுகிறது. வாசலை அடைத்தது உள்ளே வருபவரைவிட ஊர் திரும்புபவரையே அதிகம் தடுத்தது என்பது மேசியின் வாழ்நாள் ஆய்வின் முடிவு. எண்களைப் பார்த்தால் எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

சரக்கு லாரிக்கு வேகப்பாதை, ஆளுக்குப் போர்க்காலத் தகடு. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே அரசின் கையால். ஒப்பந்தத்தில் ஆட்களைப் பற்றி எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 16-ஆம் அத்தியாயம் இருக்கிறது. வணிகர்களும் முதலீட்டாளர்களும் போய்வரலாம். பொறியாளர், கணக்காளர், விலங்கு மருத்துவர் எனச் சுமார் 60 தொழில்களில் பட்டம் பெற்றவர் தனி விசாவில் வேலை செய்யலாம். கட்டடக் கொத்தனார், ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர், பழம் பறிப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. பேச்சுவார்த்தையின் தொடக்கத்திலேயே, மெக்சிகோவின் பெட்ரோலியத்தைத் திறக்கச் சொல்லி அமெரிக்கா வற்புறுத்தாது, ஆட்கள் போய்வரும் உரிமையை மெக்சிகோ வற்புறுத்தாது என்ற நிலைக்கு இரு தரப்பும் வந்துவிட்டன.

அமெரிக்கப் பக்கம் வேலை போனதா? போனது. எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. முழுப் பொருளாதாரத்தின் அளவில் பார்த்தால் சிறிது, சில ஊர்களில் பார்த்தால் பேரிடி. டெக்சஸின் எல் பாசோ ஒரு காலத்தில் ஜீன்ஸ் தைக்கும் நகரம். வர்த்தகத்தால் வேலை இழந்தோருக்கான உதவித் திட்டத்தில் அதிகம் பேர் பதிவான நகரங்களில் அதுவும் ஒன்று. வேலை இழந்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவில் பிறந்த, நடுவயதைத் தாண்டிய பெண் தையற்காரிகள். ஆங்கிலம் கற்றுக்கொண்டு வேறு வேலை தேடுங்கள் என்று பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஐம்பது வயதில், இருபது ஆண்டு தையல் எந்திரத்தில் குனிந்த பிறகு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹுவாரெஸில் அதே தையலை அவர்கள் தங்கை வயதுப் பெண்கள் பத்தில் ஒரு பங்கு கூலிக்குத் தைத்தார்கள். அமெரிக்கர், மெக்சிகோக்காரர் என்று பிரித்து யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று கணக்குப் போடுபவர்கள் இந்தப் பெண்களை எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

திமில் இறங்கியதா? இறங்கியது. 2009-க்கும் 2014-க்கும் இடையில் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குத் திரும்பியவர் 10 லட்சம், மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர் 8 லட்சத்து 70 ஆயிரம் என்று பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. பாடப்புத்தகம் வென்றுவிட்டது என்று சிலர் கைதட்டினார்கள். நான் தட்ட மாட்டேன். அறுபதுகளில் ஒரு மெக்சிகோப் பெண் சராசரியாக ஏழு பிள்ளை பெற்றாள், 2010-க்குள் இரண்டுக்குச் சற்று மேல். கிளம்புவதற்கு இளைஞர்களே குறைந்துபோனார்கள். 2008-ல் அமெரிக்க வீட்டுச் சந்தை சரிந்தபோது கட்டட வேலை நின்றது. கூலி இடைவெளி குறைந்ததால் யாரும் நிற்கவில்லை. அந்த இடைவெளி அப்போதும் அப்படியே இருந்தது. போனவர் அனுப்பும் பணம் 2023-ல் 6,000 கோடி டாலரைத் தாண்டியது.

ஐரோப்பாவைப் பாருங்கள் என்பார்கள். ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1986-ல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது அதே பயம் இருந்தது. தொழிலாளர் போய்வர ஏழாண்டுக் காத்திருப்பு வைத்தார்கள். இடையில் சாலைக்கும் பள்ளிக்கும் பாசனத்துக்கும் பணக்கார உறுப்பு நாடுகளின் நிதி கொட்டியது. காத்திருப்புக் காலத்தை ஓராண்டு குறைத்து 1992-ல் கதவைத் திறந்தபோது வெள்ளம் எதுவும் வரவில்லை. நாஃப்டாவில் அப்படி ஒரு நிதி கிடையாது. 2001 செப்டம்பர் முதல் வாரம் மெக்சிகோ அதிபர் விசென்தே ஃபாக்ஸ் வாஷிங்டனுக்கு வந்து, தொழிலாளர் விசாவையும் உள்ளே இருப்பவர்களுக்குச் சட்ட உரிமையையும் சேர்த்துப் பேசினார். அமெரிக்க அதிபர் புஷ்ஷும் செவி கொடுத்தார். சில நாளில் செப்டம்பர் 11 வந்தது. அந்தப் பேச்சு அதோடு தேங்கிவிட்டது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் உண்டு. 1950 உடன்படிக்கையின்படி இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே விசா இல்லை, வேலை அனுமதிச் சீட்டு இல்லை. கூலி இடைவெளியும் வறுமையும் அங்கேயும் உண்டு. இலட்சக்கணக்கானோர் வருகிறார்கள், பருவம் முடிந்து போகிறார்கள். குறைந்த கூலி, வாடகை அறை, போலீசின் அலட்சியம் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. ஊருக்குப் போனால் திரும்ப வர முடியாதோ என்ற பயம் மட்டும் இல்லை. சரக்கிலோ தலைகீழ்: நேபாள வனஸ்பதி நம் சந்தையில் குவிந்ததும் 2002-ல் வர்த்தக ஒப்பந்தத்தை இறுக்கிவிட்டோம். இலங்கையுடன் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் சரக்கோடு நின்றது. அதைச் சேவைத் துறைக்கு விரிக்கும் பேச்சு எழுந்தபோது, இந்தியர் வந்து வேலையைப் பறிப்பார்கள் என்று கொழும்பில் மருத்துவர் சங்கம் வரை எதிர்த்தது. நம்மைப் பார்த்துப் பயப்படும் நாடும் உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நாஃப்டா போய் 2020 ஜூலையில் புதிய ஒப்பந்தம் வந்தது. தொழிலாளர் பிரிவில் அது உண்மையிலேயே மேம்பட்டது. ஒரு வாகனத்தின் மதிப்பில் 40 முதல் 45 விழுக்காடு, மணிக்குச் சராசரி 16 டாலராவது வாங்கும் தொழிலாளர் கையால் ஆகியிருக்க வேண்டும். சங்க உரிமை மீறப்பட்டால் குறிப்பிட்ட ஆலையின் மீதே விரைந்து நடவடிக்கை எடுக்கலாம். சிலாவோ நகரின் கார் ஆலையில் அந்த விதியின் நிழலில் நடந்த தேர்தலில் 2022 பிப்ரவரியில் சுதந்திரமான சங்கம் வென்றது. முன்பு அங்கே நிர்வாகத்துக்குத் தலையாட்டும் சங்கமே இருந்தது. ஆனால் 16-ஆம் அத்தியாயம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது.

மாணவர்கள் கேட்கக்கூடும்: அப்படியானால் என்ன செய்திருக்கலாம்? என் யோசனை இது. சுங்கவரி இறங்க 15 ஆண்டு அட்டவணை எழுதத் தெரிந்தவர்களுக்கு, அதன் பக்கத்திலேயே பருவத் தொழிலாளர் விசா ஏற 15 ஆண்டு அட்டவணையும் எழுதத் தெரியும். மக்காச்சோள இறக்குமதி அளவு 3 விழுக்காடு கூடினால், சோளம் விளையும் மாவட்டங்களுக்கு விசாவும் கூட வேண்டும். வரியை ஒரு அரசு தானாக விட்டுக்கொடுத்தால் அந்த ஆண்டே விசா எண்ணிக்கையும் உயர வேண்டும். திரும்பிப் போய் மறுபடி வரும் உரிமையோடு கூடிய விசா. இதைச் சேர்த்திருந்தால் 234-க்கு 200 என்ற வாக்கு தலைகீழாகியிருக்கும், ஒப்பந்தமே வந்திருக்காது என்று நண்பர்கள் மறுக்கிறார்கள். இருக்கலாம். ஆட்கள் எப்படியும் போனார்கள். வாக்களித்தவர்கள் அந்தச் செலவை வேலியாகவும் காவலாகவும் கட்டினார்கள்.

இன்று அமெரிக்காவில் ஹெச்-2ஏ என்ற விவசாய விசா இருக்கிறது. வர்த்தக ஒப்பந்தத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. 2023 நிதியாண்டில் 3 லட்சத்துக்கும் மேல் வழங்கினார்கள், பெறுபவர் பத்தில் ஒன்பது பேர் மெக்சிகோக்காரர். வருகிறார்கள், பறிக்கிறார்கள், திரும்புகிறார்கள். ஆனால் விசா ஒரே முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. தங்குமிடம் அவர் தருவது, ஊர்ப் பயணம் அவர் ஏற்பாடு, சண்டை போட்டால் அடுத்த பருவம் அழைப்பு இல்லை. ஆள் சேர்ப்பதற்கென்று மெக்சிகோவில் தரகர்கள் சட்டவிரோதமாகக் கமிஷன் வாங்குகிறார்கள். முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையை அந்த விசாவோடு சேர்ப்பது, என் பட்டியலில் முதல் திருத்தம். புதிய ஒப்பந்தத்தை ஆறாம் ஆண்டில் மூன்று நாடுகளும் கூடி மறுஆய்வு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்குக் குறித்த ஆண்டு 2026. அந்த மேசையில் காரும் எஃகும் பாலும் மரபணு மாற்றிய சோளமும் இடம்பெறும் விவகாரங்கள். 16-ஆம் அத்தியாயத்தைத் திறக்க வேண்டும் என்று எந்த நாட்டு அரசாவது கேட்கிறதா என்பதைக் கவனியுங்கள். உங்களில் யாராவது முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், எடுத்துக்கொள்ளலாம்.